பெயரை முதலில் பட்டியலில் ஏற்றுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். நான் ஒரு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். எங்கள் விளைபொருளை எங்கள் வட்டாரத்தின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் கேட்டு வாங்குவார்கள். நாலு வருஷத்துக்கு முன் உள்நாட்டில் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டோம். இப்போது எங்கள் அரசு ஐரோப்பிய ஒன்றியத்துடன் வர்த்தக ஒப்பந்தம் பேசுகிறது. "அங்கே பாதுகாக்க வேண்டிய பெயர் இருந்தால் எழுதிக் கொடுங்கள்" என்று அமைச்சகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. சங்கத்தில் பாதிப்பேர், "அதான் பதிவு பண்ணியாச்சே, இன்னும் எதுக்கு அலைச்சல்?" என்கிறார்கள். இதற்கிடையில் வேறொரு நாட்டு நிறுவனம் எங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே சின்னதாக 'வகை' என்று சேர்த்து, தன் நாட்டிலும் ஐரோப்பாவிலும் விற்கிறது. பாக்கெட்டின் படங்களை இணைத்திருக்கிறேன். ஒப்பந்தம் வந்தால் இது நிற்குமா? ஒரு சீஸின் பெயருக்காக நாடுகள் வருஷக்கணக்கில் மல்லுக்கு நிற்பதாகப் படிக்கிறோம், அப்படி என்னதான் இருக்கிறது இதில்? எங்கள் நாட்டையும் பொருளையும் வெளியே சொல்ல வேண்டாம்.

பதில்:

வணக்கம். முதலில் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், மீதியை அப்புறம் பேசலாம். கடைசித் தேதி போட்டிருந்தால் அதற்கு முன்னால், போடாவிட்டால் இந்த வாரத்துக்குள். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் பின்னிணைப்பாக ஒரு பட்டியல் வரும், அவர்கள் பெயர்கள் ஒரு பக்கம், உங்கள் நாட்டுப் பெயர்கள் ஒரு பக்கம். பேச்சு நடப்பது அந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்களைப் பற்றி மட்டும்தான். இல்லாத பெயருக்காக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பின்னால் பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் தடவை விட்டுவிட்டு, அந்த விதியை நம்பிக் கோப்பு நகர்வதற்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் சங்கங்களோடு நான் வேலை செய்திருக்கிறேன், அதனால்தான் இப்படி அவசரப்படுத்துகிறேன்.

"பதிவு பண்ணியாச்சே" என்று கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள்: அந்தப் பதிவு உங்கள் நாட்டின் சட்டப்படி கிடைத்தது, அதன் அதிகாரம் உங்கள் நாட்டு எல்லையோடு முடிந்துவிடும். அதற்காக அது வீண் என்று நினைக்க வேண்டாம். சொந்த நாட்டிலேயே பாதுகாப்பு இல்லாத பெயரையோ, புழக்கத்தில் இல்லாமல் போன பெயரையோ வேறு எந்த நாடும் காப்பாற்றித் தர வேண்டியதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 24ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆக நாலு வருஷத்துக்கு முன் நீங்கள் பெற்றது வெளியே போவதற்கான நுழைவுச்சீட்டு. வண்டியில் இனிமேல்தான் ஏற வேண்டும்.

டிரிப்ஸ் 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் 'வகை' பிரச்சினையின் வேர் அதில்தான் இருக்கிறது. அந்த ஒப்பந்தம் ஊர்ப் பெயர்களை இரண்டு தரமாகப் பிரித்தது. ஒயினுக்கும் விஸ்கி, பிராந்தி போன்ற வடித்த மதுவகைகளுக்கும் உயர்ந்த பாதுகாப்பு, 23ஆம் பிரிவு. அங்கே எந்த நாட்டில் செய்தது என்பதை லேபிளில் உண்மையாக எழுதியிருந்தாலும், 'வகை', 'பாணி', 'போன்றது' என்று ஒட்டுச்சொல் சேர்த்திருந்தாலும், பெயரை மொழிபெயர்த்துப் போட்டிருந்தாலும் கூடாது என்றால் கூடாதுதான். மற்ற எல்லாப் பொருளுக்கும், அதாவது அரிசி, தேயிலை, காபி, மிளகு, பழம், சீஸ் எல்லாவற்றுக்கும் 22ஆம் பிரிவு. இதில் வாங்குபவர் ஏமாறுகிறார் என்றோ, நேர்மையற்ற போட்டி நடக்கிறது என்றோ நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். எதிராளி பின்பக்கம் தன் நாட்டின் பெயரை ஒழுங்காகப் போட்டுவிட்டு, "நாங்கள் வகை என்றுதானே சொல்கிறோம், யாரை ஏமாற்றினோம்?" என்று நிற்கும்போது அதை நிரூபிப்பது பெரும்பாடு. ஒரு பாட்டில் ஒயினுக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு மூட்டை தானியத்துக்குக் கிடைக்காததற்கு விவசாயக் காரணம் எதுவும் இல்லை, அந்த ஒப்பந்தம் பேசப்பட்ட காலத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பதுதான் காரணம். இந்த வேறுபாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இதைச் சரிசெய்ய உலக அளவில் முயற்சி நடக்காமல் இல்லை. 2001இல் தோஹாவில் தொடங்கிய பேச்சுவார்த்தையில் இந்த உயர்ந்த பாதுகாப்பை மற்றப் பொருட்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்டன. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் 41 பெயர்களைப் பட்டியல் போட்டு, இவற்றை உலகம் முழுக்க எங்களுக்கே திருப்பித் தாருங்கள் என்று விவசாயப் பேச்சுவார்த்தையிலேயே கொண்டுவந்து வைத்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் ஒப்புக்கொள்ளவில்லை, அது அப்படியே நின்றுபோனது. அதன் பிறகுதான் ஐரோப்பா பொதுமேடையை நம்பாமல், நாடு நாடாகப் போய் இருதரப்பு ஒப்பந்தங்களில் பெயர்ப் பட்டியலைச் சேர்க்கத் தொடங்கியது. கொரியா, கனடா, ஜப்பான், வியட்நாம், நியூசிலாந்து என்று அந்த வரிசை நீள்கிறது. சீனாவோடு பெயர்களுக்காக மட்டுமே தனி ஒப்பந்தம், 2021 மார்ச்சில் அமலுக்கு வந்தது, பக்கத்துக்கு 100 பெயர்கள். உங்கள் மேசைக்கு வந்த படிவமும் இந்த வரிசையில் வந்ததுதான்.

இந்த இருதரப்பு ஒப்பந்தங்களில் உங்களுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. பட்டியலில் ஏறிய பெயருக்கு, அது ஒயினாக இல்லாவிட்டாலும், ஏறக்குறைய அந்த உயர்ந்த பாதுகாப்பையே ஐரோப்பா கொடுக்கவும் கேட்கவும் செய்கிறது. ஆகவே உங்கள் பெயர் ஏறிவிட்டால், ஐரோப்பியக் கடைகளில் அந்த 'வகை' பாக்கெட்டுக்கு இடம் இருக்காது. ஆனால் அந்த நிறுவனம் தன் சொந்த நாட்டில் விற்பதை இந்த ஒப்பந்தம் தொடாது, ஏனென்றால் அந்த நாடு இதில் கையெழுத்துப் போடவில்லை. கூட்டத்தில் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் ஏமாந்துபோன உறுப்பினர்கள்தான் சங்கத்தை உடைப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் உங்கள் பெயர் தடித்த எழுத்தில் பாக்கெட்டின் அகலம் முழுவதையும் பிடித்திருக்கிறது, அதன் கீழே 'வகை' என்ற சொல் எள்ளளவு எழுத்தில், பின்னணி நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாத வெளிர் நிறத்தில். பின்பக்கம் ஓரத்தில் உற்பத்தி நாட்டின் பெயர் சரியாக இருக்கிறது. இவை தவிர ஒன்றை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை: முன்பக்க ஓவியத்தில் இருக்கும் மலையும் அதன் இரட்டை முகடும் உங்கள் பதிவு ஆவணத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் அதே மலை. ஐரோப்பியச் சட்டத்தில் இதற்கும் வழி உண்டு. பெயரைச் சொல்லாமலே, படத்தால் பாதுகாக்கப்பட்ட பெயரை நினைவூட்டினாலும் அது மீறலாகலாம் என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஸ்பெயினின் மான்செகோ சீஸ் வழக்கு அது. லேபிளில் காற்றாலைகளும் ஆடுகளும் எலும்பு தெரியும் ஒரு குதிரையும் வரைந்திருந்தார்கள், பார்க்கிறவர்களுக்கு அந்த சீஸ் பிறந்த லா மான்சா வட்டாரம் நினைவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. எனவே அந்த மலைப் படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, சீஸ் சண்டைக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும், உள்ளே போனால் இரண்டு பக்கமும் உண்மையான வலி இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போனவர்கள் தங்கள் ஊர்க் கைப்பக்குவத்தையும் ஊர்ப் பெயரையும் சேர்த்தே எடுத்துப் போனார்கள். மூன்று நான்கு தலைமுறையாக அங்கே அதே பெயரில் செய்து விற்றுவிட்டார்கள். அவர்களிடம் போய் "இது உங்கள் பெயர் இல்லை" என்றால், "எங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று நினைக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். ஊரில் தங்கியவர்களோ, "மண்ணும் தண்ணீரும் பட்டியும் இங்கே இருக்கிறது, விதிகளையும் கட்டுப்பாட்டையும் நாங்கள் சுமக்கிறோம், விலையை நீங்கள் எடுத்துக்கொள்வதா?" என்கிறார்கள். என் மனது ஊரில் தங்கியவர்கள் பக்கம்தான், அதை ஒளிக்கப் போவதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும்.

சட்டத்தில் இந்தச் சண்டையின் மையம் ஒரே சொல், பொதுப்பெயர். ஒரு நாட்டின் மக்கள் ஒரு பெயரை எந்த ஊரோடும் சேர்க்காமல் ஒரு பண்டத்தின் பெயராகவே சொல்லத் தொடங்கிவிட்டால், அந்த நாடு அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. 'பார்மெசான்' என்ற பெயர் ஐரோப்பாவில் இத்தாலியின் பார்மிஜானோ ரெஜானோ சீஸை நினைவூட்டுவது என்று 2008இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் அது யார் வேண்டுமானாலும் போடக்கூடிய பெயர். க்ரூயேர் சீஸ் செய்யும் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் சங்கங்கள் அமெரிக்காவில் சான்றளிப்பு முத்திரை (விதிப்படி செய்த சரக்குக்கு மட்டும் போட அனுமதிக்கும் அடையாளம்) கேட்டுப் போய், அது அங்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது என்று 2023இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். கிரேக்கர்களின் ஃபெட்டா சீஸுக்கு ஐரோப்பாவுக்குள்ளேயே பெரும்பாடு: 1996இல் பதிவு, டென்மார்க்கும் ஜெர்மனியும் பிரான்ஸும் வழக்குப் போட்டு 1999இல் ரத்து, 2002இல் மறுபடி பதிவு, 2005இல்தான் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதோடும் முடியவில்லை. டென்மார்க்கில் ஃபெட்டா என்று பெயர் போட்டு ஐரோப்பாவுக்கு வெளியே ஏற்றுமதி செய்வதையும் அந்த நாடு தடுத்திருக்க வேண்டும் என்று 2022இல் இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது.

பணக்கார ஐரோப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான சண்டை என்று இதைச் சுருக்கிவிட வேண்டாம். பொதுப்பெயர் வாதத்தை உரக்கச் சொல்லும் அமெரிக்காவே 1994இன் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தில் தன் பர்பன் விஸ்கிக்கும் டென்னசி விஸ்கிக்கும் பாதுகாப்பு வாங்கியது, பதிலுக்கு மெக்சிகோவின் மதுவகைகளான டெக்கீலாவையும் மெஸ்காலையும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் நாபா பள்ளத்தாக்கு ஒயின்காரர்கள் 2007இல் ஐரோப்பாவிலேயே தங்கள் பெயரைப் பதிந்தார்கள். தன் ஊர்ப் பெயர் என்று வரும்போது எல்லோருக்கும் அக்கறை இருக்கிறது.

பேச்சுவார்த்தையில் இந்தப் பெயர்கள் எப்படிப் புழங்குகின்றன என்று நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். அங்கே பெயர் தனியாக வராது. இறைச்சிக்கு எவ்வளவு கோட்டா, பாலுக்கு எவ்வளவு வரிக் குறைப்பு, கார் உதிரிபாகத்துக்கு என்ன என்ற பேரத்துக்கு நடுவில் சில்லறை மாதிரி கைமாறும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் சுவிட்சர்லாந்தில், நியூஷாட்டல் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கிராமம். அதன் பெயரே ஷாம்பெய்ன், பிரான்ஸின் புகழ்பெற்ற நுரை ஒயினின் அதே பெயர். பல நூற்றாண்டுகளாக அதுதான் பெயர், அங்கேயும் திராட்சை உண்டு, ஒயினும் உண்டு, நுரை வராத சாதாரண வெள்ளை ஒயின். சுவிஸ் அரசு 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஏழு ஒப்பந்தங்களை ஒரே தொகுப்பாகச் செய்துகொண்டது, அதில் ஒன்று விவசாயம். அதன்படி 2004 முதல் அந்தக் கிராமத்துக்காரர்கள் தங்கள் பாட்டிலில் தங்கள் கிராமத்தின் பெயரையே போட முடியாமல் போனது. நீதிமன்றம் போயும் பலனில்லை. வேறு யாரும் இதைச் செய்யவில்லை, அவர்கள் அரசுதான் வேறு லாபங்களுக்காக இதை விட்டுக்கொடுத்தது. அதனால் படிவத்தை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் பெயர் பட்டியலில் ஏறியதா, எந்தச் சுற்றில் இருக்கிறது, எதிர்த்தரப்பு ஆட்சேபம் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது எழுத்தில் கேளுங்கள். கேட்க ஆள் இருக்கும் பெயரை விட்டுக்கொடுக்க அதிகாரிகள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள்.

முழுதாக இல்லை என்பதும் முழுதாக உண்டு என்பதும் அபூர்வம், நடுவில் பல படிகள் இருக்கின்றன. கனடா ஒப்பந்தத்தில் ஐரோப்பா 143 பெயர்களுக்குப் பாதுகாப்பு வாங்கியது, ஆனால் ஃபெட்டா, கோர்கோன்சோலா உட்பட ஐந்து சீஸ் பெயர்களை 2013 அக்டோபர் 18க்கு முன்பே பயன்படுத்திவந்த கனடாக்காரர்கள் தொடரலாம், புதிதாக வருபவர்கள் 'வகை', 'பாணி' என்று சேர்த்துப் போட வேண்டும் என்று முடிந்தது. நியூசிலாந்து ஒப்பந்தத்தில் ஃபெட்டா என்ற பெயரை விட்டு விலக அங்குள்ளவர்களுக்கு ஒன்பது வருஷ அவகாசம். டார்ஜிலிங் தேயிலை 2011இல் ஐரோப்பாவில் பதிவானபோது, வேறு தேயிலையோடு கலந்து அதே பெயரில் விற்றுவந்தவர்களுக்கு ஐந்து வருஷம் கொடுத்தார்கள். எனவே உங்கள் சங்கம் இப்போதே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது, எதை விடவே முடியாது, எதற்கு அவகாசம் கொடுக்கலாம் என்பதுதான். அந்த 'வகை' நிறுவனத்துக்கு மூன்று வருஷம் தரலாமா? தரலாம் என்றால் அதைப் படிவத்தோடு ஒரு தனிக் கடிதமாக வையுங்கள். பேசுகிறவரின் கையில் அப்படி ஒரு சாவி இருந்தால் பூட்டு சீக்கிரம் திறக்கும்.

தாமதத்தின் விலை என்ன என்று உறுப்பினர்களுக்குக் காட்ட வேண்டுமானால் பார்மா ஹாம் கதையைச் சொல்லுங்கள். இத்தாலியில் அந்தப் பன்றித்தொடை பதப்பட்டு முடிந்ததும் தோலின்மேல் ஐந்து முனைக் கிரீடத்தைச் சூடு போட்டுப் பதிப்பார்கள், அது இல்லாமல் அந்தப் பெயரில் விற்க முடியாது. அவ்வளவு கட்டுப்பாடு வைத்திருந்தவர்கள் கனடாவுக்குப் போனபோது, அங்கே ஒரு கம்பெனி 1971லேயே 'பார்மா' என்ற சொல்லை வணிக முத்திரையாகப் பதிந்து வைத்திருந்தது. ஆக, பார்மாவில் செய்த ஹாமுக்குக் கனடாவில் பார்மா என்று பேர் போட முடியாது. 'அசல் புரொஷுட்டோ' (புரொஷுட்டோ என்றால் இத்தாலிய ஹாம்) என்ற பொருளில் ஏதோ ஒரு பெயரில் வருஷக்கணக்கில் விற்றார்கள், நீதிமன்றம் போயும் நடக்கவில்லை, 2017இல் வர்த்தக ஒப்பந்தம் வந்த பிறகுதான் சொந்தப் பெயரைப் போட முடிந்தது, அதுவும் பழைய முத்திரைக்காரரோடு சேர்ந்து பகிர்ந்துகொண்டு.

இனி உங்கள் கோப்பைப் பற்றி. நீங்கள் அனுப்பிய பதிவு ஆவணத்தைப் படித்தேன். இரண்டு இடம் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒன்று எல்லை. "வட்டாரமும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும்" என்று எழுதியிருக்கிறீர்கள். 'சுற்றியுள்ள' என்றால் எதுவரை? உள்நாட்டு அலுவலகம் இதை விட்டுவிட்டது, ஐரோப்பிய ஆணையம் விடாது. முன்பு ஒரு சங்கத்தோடு இதே வேலைக்காக உட்கார்ந்தேன். வரைபடத்தை மேசைமேல் விரித்து, சிவப்புப் பென்சிலை ஒரு பெரியவரிடம் கொடுத்து, எல்லையைப் போடுங்கள் என்றோம். அவர் ஒரு ஓடை வரைக்கும் வந்து நின்றுவிட்டார். ஓடைக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள் குடும்பத்தின் நிலம், விளைச்சலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மண் வேறு, காற்று வரும் திசை வேறு, அது அவருக்கே தெரியும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஓடையோடு கோட்டை நிறுத்தினார். அந்தக் கோடுதான் பின்னால் வந்த எதிர்ப்பு மனுவை எங்களால் தாங்க முடிந்ததற்குக் காரணம், ஏனென்றால் உறவுக்காகவோ அரசியலுக்காகவோ அதை வளைக்கவில்லை என்று மண் பரிசோதனையே காட்டியது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நாள் வரத்தான் செய்யும், அதை இப்போதே கடந்துவிடுங்கள்.

இன்னொன்று தொடர்பு. பொருளின் தரமோ குணமோ நற்பெயரோ அந்த இடத்தால்தான் வருகிறது என்பதைக் காட்ட வேண்டும், விண்ணப்பத்தின் உயிரே அந்தப் பகுதிதான். நீங்கள் "தொன்றுதொட்டுப் புகழ்பெற்றது" என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் சான்று இல்லை. பழைய ஏற்றுமதிப் பட்டியல், வரிக் கணக்கு, வியாபாரிகளின் கடிதம், பயணிகளின் குறிப்பு, இவற்றில் உங்கள் பெயர் எங்கே வருகிறது என்று தேடுங்கள். பெட்டியில் பூச்சி அரித்துக் கிடக்கும் கணக்குப் புத்தகம் ஒன்று நூறு புகழ்ச் சொல்லைவிட எடை கூடியது. மண், மழை, விதை, அறுவடைக்குப் பின் செய்யும் கைவேலை, இவற்றில் எது எந்தக் குணத்தைத் தருகிறது என்று ஒவ்வொன்றாக இணையுங்கள். எல்லாக் கட்டமும் அந்த எல்லைக்குள்ளேயே நடக்கிறதா, அல்லது ஏதாவது ஒரு கட்டம் மட்டுமா என்பதையும் தீர்மானியுங்கள், ஐரோப்பாவில் இரண்டுக்கும் வேறு வேறு பதிவு. எல்லாம் உள்ளேதான் என்று பெருமைக்காக எழுதிவிட்டுப் பாக்கெட் போடுவது மட்டும் வெளியூரில் என்றால் முதல் சோதனையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்காமல் ஐரோப்பாவில் நேரடியாகவே விண்ணப்பிக்கவும் முடியும் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை, ஒருவேளை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொலம்பியாவின் காபி 2007இல் அப்படித்தான் போனது, கம்போடியாவின் கம்பாட் மிளகு 2016இல், தென்னாப்பிரிக்காவின் ரூய்போஸ் மூலிகைத் தேநீர் 2021இல், இலங்கையின் சிலோன் கறுவா 2022இல். விண்ணப்பம் பிரசுரமானதும் மூன்று மாதம் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு பெரிய கம்பெனியிடமிருந்துதான் வரும் என்றில்லை. பாசுமதிக்கு இந்தியா விண்ணப்பித்தபோது பாகிஸ்தான் எதிர்த்தது, ஏனென்றால் அந்த அரிசி எல்லைக்கு இரண்டு பக்கமும் விளைகிறது. உங்கள் பொருளின் நிலம் பக்கத்து நாட்டுக்குள்ளும் நீள்கிறது என்று ஆவணத்திலேயே தெரிகிறது. தயவுசெய்து இப்போதே அந்தப் பக்கத்து விவசாயிகளோடு பேசுங்கள். சேர்ந்து விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எதிரெதிராக நின்றால் இரண்டு பேரும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் வழி வேறு, அங்கே பெரும்பாலும் சான்றளிப்பு முத்திரையாகப் பதிய வேண்டும், டார்ஜிலிங்கும் ஐடஹோ உருளைக்கிழங்கும் அப்படித்தான். எத்தியோப்பியா இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தது: சிடாமோ, ஹரார், யிர்காசெஃபே என்ற காபிப் பெயர்களை 2005இல் சாதாரண வணிக முத்திரையாகவே கேட்டது, லட்சக்கணக்கான சிறு விவசாயிகளை ஒரே கட்டுப்பாட்டு முறைக்குள் கொண்டுவருவது கஷ்டம் என்பதால். எல்லா நாட்டிலும் பதிய ஆசைப்படாதீர்கள், கட்டணமும் வக்கீல் செலவும் சங்கத்தைத் தின்றுவிடும். உங்கள் சரக்கு உண்மையில் போகும் இரண்டு மூன்று சந்தை போதும். பதியும் இடத்தில் அந்த நாட்டு எழுத்தில் உங்கள் பெயர் எப்படி வரும் என்பதையும் நீங்களே முடிவு செய்து கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த வடிவத்தை வேறு யாராவது பதிந்துகொள்வார்கள்.

பணம் எவ்வளவு கூடும் என்று கேட்பார்கள். 2020இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பாதுகாக்கப்பட்ட பெயர்களின் விற்பனை 2017இல் சுமார் 7,500 கோடி யூரோ, சராசரி விலை பெயர் இல்லாத ஒத்த பொருளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைக் கூட்டத்தில் அப்படியே படித்துவிடாதீர்கள். அதில் பாதிக்கு மேல் ஒயின், மேலும் அந்தக் கூடுதல் விலை தானாக விவசாயி கைக்கு வருவதில்லை. ஏற்றுமதியாளர் யார், பெயரைப் பயன்படுத்த அனுமதி கொடுப்பது யார், அந்த அனுமதிக்குப் பதிலாகக் குறைந்தபட்சக் கொள்முதல் விலை எழுதியிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அது. உங்கள் சங்க விதிகளில் அப்படி ஒரு வரி இல்லை. சேருங்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. நீங்கள் இணைத்த உறுப்பினர் லேபிள்களில் இரண்டு பேர், எல்லைக்கு வெளியே வாங்கிய சரக்கைக் கலந்து, உங்கள் பெயரோடு 'தரம்' என்று சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனம் 'வகை' போட்டால் தப்பு, நம் ஆள் 'தரம்' போட்டால் சரியா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது இதைத்தான், பெயரின் சொந்தக்காரர்களே அதைப் பொதுப்பெயராக நடத்துகிறார்கள் என்று காட்ட இந்த இரண்டு லேபிள் போதும். படிவம் போவதற்கு முன் அந்த இரண்டும் சந்தையிலிருந்து இறங்க வேண்டும், இறக்கியதற்குத் தீர்மானமும் இருக்க வேண்டும்.

கடைசியாக அந்த நிறுவனம். அவர்கள் உங்கள் பெயரை, அல்லது பெயரோடு அந்த மலைப் படத்தை, வணிக முத்திரையாக எங்காவது பதிந்திருக்கிறார்களா, விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று அவர்கள் நாட்டுப் பதிவேட்டிலும் ஐரோப்பியப் பதிவேட்டிலும் இன்றைக்கே தேடுங்கள், இரண்டும் இணையத்தில் இலவசம். நிலுவையில் இருந்தால் எதிர்ப்புத் தெரிவிக்கக் கடைசி நாள் ஒன்று இருக்கும், மற்ற எல்லாவற்றையும்விட அந்த நாள்தான் முக்கியம். ஏனென்றால் நல்லெண்ணத்தோடு முன்பே பதிந்த முத்திரை நின்றுவிட்டால், பிற்பாடு ஒப்பந்தம் வந்தாலும் அதை அகற்ற முடியாமல் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிவரும், அதற்கு டிரிப்ஸ் இடம் கொடுக்கிறது. பாக்கெட்டைப் படம் எடுத்தால் மட்டும் போதாது. இரண்டு ஊரில், இரண்டு கடையில் வாங்கச் சொல்லி, ரசீதையும் பாக்கெட்டையும் பிரிக்காமல் ஒரே உறையில் போட்டு, வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் உறைமேல் இருக்கும்படி அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை அவர்களுக்குக் கடிதமோ பத்திரிகைக்கு அறிக்கையோ வேண்டாம். உறை கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், எதிர்ப்பு மனுவின் வரைவை அதிலிருந்து தொடங்கலாம்.